நீலப் பாயின் தடிமன்

காளிராஜ் பச்சைப் பொத்தானை அழுத்தியதும் பெரிய திரையில் 3:00 என்றிருந்தது 2:59 ஆயிற்று. இனி நிறுத்த முடியாது என்று நினைத்தான். உடனே, ஏன் முடியாது, நிறுத்துகிற பொத்தானும் இதே பலகையில்தானே இருக்கிறது, சிவப்பாக, கட்டைவிரலுக்குப் பக்கத்தில், என்று நினைத்தான். ஓட்டலின் முதல் மாடிக் கூடத்தில் எட்டு வட்டமேசைகள், மேசைக்கு ஓர் அணி, அவற்றுக்குப் பின்னால் வரிசை வரிசையாக நாற்காலிகள், நாற்காலிகளில் அறுபத்து நான்கு ஆட்டக்காரர்களும் அவர்களோடு வந்தவர்களும். ஏசி குளிர் எலும்பில் இறங்கியது, அப்படியும் அவன் உள்ளங்கை ஈரமாக இருந்தது. தென்னகக் கூடைப்பந்து லீக்கின் ஆறாவது வருஷத் தேர்வு. ஐந்து சுற்று, சுற்றுக்கு எட்டுப் பேர், மொத்தம் நாற்பது; மீதி இருபத்து நான்கு பேர் வந்த வழியே ரயிலேற வேண்டியதுதான். இந்த அணிக்குத்தான் ஆடுவேன் என்று ஆட்டக்காரன் கேட்க முடியாது, அணிதான் அவனைக் கேட்கும். ஒரு முறைக்கு மூன்று நிமிடம். பெயரைச் சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்பினால் டைட்டஸ் அண்ணன் மைக்கில் வாசிப்பார், மணியடிப்பார், மணி அடித்த பிறகு கடவுளே வந்தாலும் அந்தப் பெயரை மாற்ற முடியாது. விதிப்புத்தகத்தில் பதினான்காவது விதி அது, கடவுளைத் தவிர மற்றதெல்லாம் அப்படியேதான் எழுதியிருக்கிறது. இன்றைக்குக் காளிராஜின் வேலை கடிகாரம் மட்டும். பதினைந்து நாளைக்கு முன்னால் அவனுக்கு வேறொரு வேலை இருந்தது. அதைத் தப்பாகச் செய்துவிட்டான். இந்தக் கூடத்தில் அது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

2:31. கோவை அணியின் மேசையில் நான்கு தலைகள் ஒரு மடிக்கணினிமேல் குனிந்திருந்தன. அந்தக் கணினியில் இருப்பது அவன் தயாரித்த பட்டியல். பெயர், வயது, எடை, கைவீச்சு, உயரம். உயரத்தை அளந்ததும் அவன்தான். பதினைந்து நாளைக்கு முன்னால் தேர்வு முகாம் நடந்த உள்ளரங்கில், சுவரில் தரையிலிருந்து மேலே அளவுநாடாவை ஒட்டி, ஒவ்வொருவராக வெறுங்காலில் நிற்கவைத்து, தலையில் மட்டப்பலகையை வைத்து, இரண்டு தடவை பார்த்து எழுதினான். ஒரு தடவை பார்த்து எழுதுகிறவன் இல்லை அவன். வெறுங்காலுக்கு சிமெண்டுத் தரை சில்லென்று இருக்கிறது என்று யாரோ முனக, காலையில் அங்கே கிடந்த நீல ரப்பர் பாயின்மேல் நிற்கச் சொன்னான். முப்பத்தொரு பேர் அதில் ஏறி நின்றார்கள், எல்லாரும் சென்னையிலும் பெங்களூரிலும் விடுதிகளில் தங்கி ஆடுகிறவர்கள், நேரத்துக்கு வந்துவிட்டவர்கள். திருநெல்வேலியிலிருந்து வந்த ரயில் நாலு மணி நேரம் தாமதம். அதில் வந்த முப்பத்து மூன்று பேர் மத்தியானம்தான் அரங்குக்குள் நுழைந்தார்கள். அதற்குள் பாயில் தண்ணீர் சிந்தி யாரோ வழுக்கி விழப் பார்த்தார்கள், எடுத்துவிடுங்கள் என்று இவனே சொன்னான், எடுத்துவிட்டார்கள். அவ்வளவுதான் நடந்தது. அந்த நொடியில் அவன் மூளையில் ஒன்றுமே தோன்றவில்லை, வழுக்கக் கூடாது என்பதைத் தவிர. இன்று காலை ஒன்பதரைக்கு, மேசைகளில் வைக்க ஆட்டக்காரர்களின் படங்களை அடுக்கும்போது பார்த்தான். முகாமில் அளந்த கையோடு சுவரோரம் நிற்கவைத்து எடுத்த முழு உருவப் படங்கள். காலையில் எடுத்தவற்றில் பாதங்களுக்குக் கீழே நீலம். மத்தியானம் எடுத்தவற்றில் சாம்பல். நீலம், நீலம், நீலம், சாம்பல். அரங்கைப் பார்த்துக்கொள்கிற பச்சையம்மா அக்காவுக்குப் போன் போட்டான். "எந்தப் பாயி? நீலமா? நீதானப்பா அன்னிக்கி எடுக்கச் சொன்ன. இப்ப இன்னாத்துக்கு காலங்காத்தால அத்த கேக்குற?" "எவ்வளவு கனம்க்கா அது?" "தூக்க முடியாத கனம்லாம் இல்ல." "அதில்லக்கா. தடிமன். ஸ்கேல் வெச்சுப் பாத்துச் சொல்லுங்க." அக்கா எங்கேயோ போய் ஸ்கேல் தேடி, வழியில் யாரையோ திட்டி, திரும்பி வந்து, "மூணு. சரியா மூணு கோடு, பெரிய கோடு" என்றாள். மூன்று சென்டிமீட்டர். ஆள் ஏறி நின்றால் கொஞ்சம் அமுங்கும். இரண்டரை? இரண்டே முக்கால்? நிச்சயமாகத் தெரியாததை எப்படிப் போய்ச் சொல்வது என்று நினைத்தான். நிச்சயமாகத் தெரியாது என்பது அப்போதைக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

மேடையில் சீட்டு வந்துவிட்டது. "கோவை அணி, முதல் சுற்று, முதல் தேர்வு," என்று டைட்டஸ் அண்ணன் குரலை இழுத்தார், கல்யாண வீட்டில் மொய் வாசிக்கிறவரைப் போல, "அபினவ் ஷெட்டி!" மணி. கைதட்டல். அபினவ் இருநூற்று மூன்று, பாயைக் கழித்தாலும் இருநூறு, அவனை எந்தத் தராசில் வைத்தாலும் அவன்தான் முதல், ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று காளிராஜ் தனக்குச் சொல்லிக்கொண்டான். முதல் தேர்வு என்பதே பாதி அதிர்ஷ்டம்தானே. போன வருஷம் கடைசியாக வந்த அணிக்கு நூறு பந்தில் நாற்பது, அதற்கு முந்தியதற்கு முப்பது, பிறகு இருபது, பத்து. நேற்று அந்த நூறு பந்துகளையும் கண்ணாடி உருளையில் போட்டுச் சுற்றினார்கள், நாற்பது பந்து வைத்திருந்த கொச்சியைத் தாண்டி முப்பது வைத்திருந்த கோவைக்கு விழுந்தது. தோற்றவனுக்கு முதல் உரிமை, ஆனால் அதுவும் உருண்டு விழுந்தால்தான். பழைய ஐந்து வருஷங்களின் இருநூறு பெயர்களையும் கணினியில் ஏற்றியவன் அவன், எல்லாம் மனப்பாடம். முதல் வருஷத்தின் முதல் தேர்வு, இருநூற்று ஐந்து சென்டிமீட்டர், இரண்டு ஆட்டம் ஆடினான், மூட்டு போயிற்று, இப்போது எங்கோ ஒரு பள்ளிக்கூடத்தில் விசில் ஊதுகிறான். மூன்றாவது வருஷத்தின் நாற்பதாவது ஆள், கடைசி ஆள், மங்களூர்க்காரர்கள் நேரம் முடியப்போகிறது என்று பட்டியலில் மேலே இருந்த பெயரைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதிக் கொடுத்தது, அவன்தான் இரண்டு வருஷமாக லீக்கில் அதிகப் புள்ளி எடுக்கிறவன். ஆக யார் எப்போது எடுபடுகிறார்கள் என்பதில் என்ன இருக்கிறது? இருக்கிறது. அவனே கணக்குப் போட்டிருக்கிறான். ஐந்து வருஷத்தில் முதல் சுற்றில் போன நாற்பது பேரில் நூற்றுத் தொண்ணூறுக்குக் கீழே மூன்றே பேர். அந்தக் கணக்கை ரெபெக்கா மேடத்திடம் பெருமையாகக் காட்டினான். தேர்வுப் பிரிவு முழுக்க அவர் பொறுப்பு. "அட, சூப்பர் காளி, அப்ப நூத்தித் தொண்ணூறுக்கு மேல உள்ளவங்களுக்குப் பச்சை கலர் அடிச்சுக் குடு, டீம்களுக்கு ஈஸியா இருக்கும்" என்றார். அடித்துக் கொடுத்தான். பாயில் நின்றவர்களில் ஏழு பேர் பச்சையாகிவிட்டார்கள், தரையில் நின்றிருந்தால் ஆகியிருக்கமாட்டார்கள். ஏழு பேர் யாரென்று காலையில் ஒன்பதே முக்காலுக்கே எண்ணிவிட்டான். இப்போது மணி பதினொன்று இருபது.

"ஏம்ப்பா, இரண்டாவது முறைக்கு அமுக்கு, என்ன தூங்கிட்டியா?" டைட்டஸ் அண்ணன் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்தார். "மூஞ்சி ஏன் மழையில நனைஞ்ச கோழி மாதிரி இருக்கு? உன்னையா எடுக்கப் போறாங்க?" அமுக்கினான். 3:00, 2:59. கொச்சி. கொச்சிக்குத் தேவை பந்தை நடத்திக் கொண்டுபோகிற ஆள், குள்ளமாக இருந்தாலும் பரவாயில்லை, எனவே இந்த முறையும் ஒன்றும் கெடாது, இந்த மூன்று நிமிடத்துக்கும் அவன் பாவம் செய்யாதவன். ரெபெக்கா மேடம் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். இப்போது எழுந்து போய்க் காதில் சொல்லலாம். மேடம், ஒரு சின்ன விஷயம். சின்ன விஷயம் என்று தொடங்கக் கூடாது. மேடம், ஒரு தப்பு நடந்துபோச்சு. நடந்துபோச்சு என்றால் தானாக நடந்ததுபோல் இருக்கிறது. மேடம், நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். அப்புறம்? இந்த மாசக் கடைசியில் அவனை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருக்கிறார். நேற்று அப்பா போனில், "டிவில காட்டுவாங்களாடா?" என்றார். "கடிகாரத்தத்தான்பா காட்டுவாங்க." "அதத்தான் நீ ஓட்டுற? போதும், அதக் காட்டுனாப் போதும்." சத்திரப்பட்டியில் அப்பாவோடு தறி ஓட்டுகிற எல்லாருக்கும் அது தெரிந்திருக்கும். ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி நெய்கிற தறிகள், ஓயாத சத்தம், அதற்கு மேலே கத்தித்தான் சொல்லியிருப்பார், எம்மவன் கடிகாரம் ஓட்டுறான். குடும்பத்தில் முதல் பட்டதாரி. அது வாய்ச்சொல் இல்லை, கல்லூரிக் கட்டணச் சலுகைக்காகத் தாசில்தார் கையெழுத்துப் போட்டுத் தந்த சான்றிதழ், உறைபோட்டுப் பீரோவில் இருக்கிறது. அதை வாங்கப்போன நாளை நினைக்காமல் இருக்கப் பார்த்தான், முடியவில்லை. கிராம நிர்வாக அலுவலர் கண்ணாடிக்கு மேலே பார்த்து, "அக்கா காலேஜ் போச்சே, முடிச்சிருச்சா?" என்று கேட்டார். அக்கா ராமுத்தாய் கூடவே வந்திருந்தாள். அவளுக்கு ஒரே ஒரு தாள் பாக்கி, வணிகக் கணிதம். அதை எழுதித் தேறிவிட்டால் வீட்டில் முதல் பட்டதாரி அவள், பிறகு இவனுக்குச் சான்றிதழ் கிடையாது. "இல்ல சார், நான் ஃபெயிலு," என்றாள் அக்கா, சிரித்துக்கொண்டே, நல்ல சேதி சொல்வதுபோல். அது கிடக்கட்டும்டா, நவம்பர்ல எழுதிக்கிறேன் என்று வழியில் சொன்னாள். நவம்பருக்கு முன்னால் மாப்பிள்ளை வந்துவிட்டான். அவள் சொன்னதில் பொய் ஒரு சொல்கூட இல்லை. இவன் வாயே திறக்கவில்லை, எனவே இவனும் பொய் சொல்லவில்லை. எல்லாம் உண்மை. பட்டியலில் இருக்கிற அறுபத்து நான்கு எண்களும் அப்படித்தான், நாடா என்ன காட்டியதோ அதைத்தான் எழுதினான், இரண்டு தடவை பார்த்து. மணி அடித்தது. கொச்சி யாரையோ எடுத்துவிட்டது, யாரென்று காதில் விழவில்லை.

மூன்றாவது முறை மங்களூருடையது, ஆனால் போன வருஷம் ஒரு நல்ல ஆட்டக்காரனை வாங்கிக்கொண்டு இந்த முறையை மதுரைக்குக் கொடுத்துவிட்டார்கள், முறையைக்கூடக் கைமாற்றலாம். மதுரைக்கு என்ன வேண்டும் என்று கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். வளையத்துக்கடியில் நின்று, தவறிவரும் பந்தைப் பிடுங்குகிற ஆள். 3:00. முகாமில் நடந்த ஆட்டங்களில் அதிகம் பிடுங்கியவன் இசக்கிப்பாண்டி, ஆட்டத்துக்குப் பதினான்கு. அவன் பின்வரிசையில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான், கூட வந்தவர் யாருமில்லை, முழங்கால் முன்னிருக்கையில் இடிக்காமல் இருக்கச் சாய்த்து வைத்திருந்தான். நூற்று எண்பத்தொன்பது. வெள்ளைக் கட்டம். அன்றைக்கு மத்தியானம் ரயிலிறங்கி நேராக வந்தவன், தலையைப் பலகைக்குக் கீழே வைத்துக்கொண்டு, "அண்ணே, ஒண்ணு கூட்டிப் போடுங்கண்ணே, நாளைக்குள்ள வளந்துருவேன்" என்றான், வரிசையே சிரித்தது. "இருக்கிறதத்தான்யா போட முடியும்," என்று இவன் சொன்னான். சொன்னபோது எவ்வளவு நேர்மையாக உணர்ந்தான். காலையில் பாயில் நின்ற நிதினுக்கு நூற்றுத் தொண்ணூற்றொன்று, பச்சை, ஆட்டத்துக்கு ஒன்பது பந்து. இருவரையும் ஒரே தரையில் நிறுத்தினால் இசக்கிதான் ஒரு மயிரிழை உயரம். 2:10. மதுரைக்காரர்கள் வெள்ளைக் கட்டங்களைப் பார்க்கவே மாட்டார்கள், பச்சையை மட்டும் காட்டு என்று கணினிக்குச் சொல்லியிருப்பார்கள், அப்படிச் சொல்வதற்கு வசதியாகத்தானே அவன் பச்சை அடித்தான். இப்போது எழுந்தால் என்ன சொல்வார்கள்? இசக்கிப்பாண்டி என்ற பேரே ஊரைச் சொல்கிறது, காளிராஜ் என்ற பேரும் சொல்கிறது, தெக்கத்திப் பையனுக்குத் தெக்கத்திப் பையன் வக்காலத்து என்பார்கள். அது நிஜமா? நிதினுக்குப் பதில் இசக்கி பாயில் நின்றிருந்தால் இவ்வளவு வேர்த்திருக்குமா? வேர்த்திருக்கும். வேர்த்திருக்குமா? 1:34. மூன்று சென்டிமீட்டரைப் பார்த்து எடுக்கிறவர்கள் முட்டாள்கள், அது அவர்கள் தப்பு. ஆனால் மூன்று சென்டிமீட்டரைக் கொடுத்தது யார்? 1:02. நிதின் என்ன தப்புச் செய்தான், நில் என்ற இடத்தில் நின்றான். அவன் பக்கத்தில் அவன் அம்மா இருந்தார், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், இவன் ஓட்டுகிற எண்களையே பார்த்துக்கொண்டு. 0:48. சீட்டில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் மேடைக்கு வரவில்லை. வருகிறது. ஒரு பெண் அதை எடுத்துக்கொண்டு மேசைகளுக்கிடையில் நடந்துவருகிறாள், குதிகால் செருப்பு டக் டக் என்கிறது, கட்டைவிரல் சிவப்புப் பொத்தானின்மேல் இருக்கிறது, அழுத்தவில்லை, மேலே இருக்கிறது, அவ்வளவுதான், பிளாஸ்டிக்கின் வழுவழுப்பு தெரிகிறது, அவள் படியேறிவிட்டாள், டைட்டஸ் அண்ணன் சீட்டைப் பிரித்துவிட்டார், "மதுரை அணி, முதல் சுற்று, மூன்றாவது தேர்வு," இப்போதுகூட முடியும், மணி இன்னும் அடிக்கவில்லை, "நிதின்..." என்று இன்னும் முழுப்பேரையும் சொல்லி முடிக்கவில்லை. மணி அடித்தது. நிதினின் அம்மா அழுதுகொண்டே எழுந்து நின்றார், கைப்பை கீழே விழுந்தது. பின்வரிசையில் இசக்கிப்பாண்டி கைதட்டினான். எல்லாரையும்விட நீளமான கைகளால், உண்மையாகவே தட்டினான்.

பச்சையை அழுத்தினான். 3:00. நான்காவது முறை திருச்சிக்கு. விரல் தானாகவே அழுத்திவிட்டது என்பது அவனுக்கு வியப்பாக இருந்தது, இவ்வளவு நடந்த பிறகும் வேலை செய்கிறது விரல். முடிந்துபோயிற்று, இனி எதற்குச் சொல்ல வேண்டும், சொன்னால் நிதினுக்குக் கெட்ட பேர், மதுரைக்குக் கோபம், மூன்றாவது பெயரையோ மாற்ற முடியாது, சொல்லி யாருக்கு என்ன லாபம் என்று ஒரு குரல் நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தது. அது அவனுடைய குரல்தான், நல்ல குரல், படித்த குரல். 2:20. மீதி முப்பத்தேழு முறை இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் மூன்று நிமிடம். ஒவ்வொன்றுக்கும் இந்தக் குரல் இப்படியே பேசும், நான்காவதுக்கு ஒரு நியாயம், ஐந்தாவதுக்கு ஒன்று, நாற்பதாவது மணி அடிக்கும்போது அவனிடம் நாற்பது நியாயங்கள் இருக்கும். பச்சையில் இன்னும் ஆறு பேர், இருக்கக் கூடாத இடத்தில். திருச்சிக்காரர்கள் ஒரு பெயரில் விரல் வைத்துப் பேசுவது தெரிந்தது, எந்தப் பெயரென்று தெரியவில்லை. பயம் குறையட்டும், பிறகு எழுந்திருக்கலாம் என்று காத்திருந்தான். குறையவில்லை. குறையாது என்று 1:12இல் புரிந்தது, குறையாமலேயே சிவப்பை அழுத்தினான். எண்கள் நின்றன. கூடம் ஒரு நொடி கழித்துத்தான் கவனித்தது, மின்சாரம் நின்ற பிறகு மின்விசிறி மெதுவாக நிற்பதைப் போலப் பேச்சு அடங்கியது. "என்னப்பா, கரண்ட் போச்சா?" என்றார் டைட்டஸ் அண்ணன், மைக்கிலேயே. சிலர் சிரித்தார்கள். "காளி?" என்றார் ரெபெக்கா மேடம். எழுந்து அவரிடம் போனான். கால்கள் பாயின்மேல் நடப்பதுபோல் இருந்தன. ஒத்திகை பார்த்த எந்த வாக்கியமும் வரவில்லை. "மேடம், காலையில அளந்தவங்கள ஒரு ரப்பர் பாய்மேல நிக்க வெச்சு அளந்துட்டேன். மூணு சென்டிமீட்டர். முப்பத்தொரு பேருக்கும் உயரம் கூடுதலா இருக்கு. மத்தியானம் அளந்தவங்களுக்குச் சரியா இருக்கு." "யாரு அளந்தது?" "நான்தான் மேடம்." "எப்பத் தெரியும் உனக்கு?" காலை ஒன்பதரை என்று சொல்ல வேண்டும். இப்பத்தான் என்று ஒரு சொல் நாக்கின் நுனிவரை வந்து நின்றது, எவ்வளவு சிறிய சொல், யாரும் சரிபார்க்க முடியாத சொல். "ஒன்பதரைக்கு" என்றான். மேடம் கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தார். "உன்னை அப்புறம் பாத்துக்கிறேன்," என்றார், கத்தாமல், அது கத்தியதைவிட மோசமாக இருந்தது. "நாடா இருக்கா?" "பையில இருக்கு மேடம்." "குடு. நீ அளக்காத."

டைட்டஸ் அண்ணன் முதல் தடவையாக வேடிக்கைப் பேச்சில்லாமல் அறிவித்தார்: அரைமணி நேர இடைவேளை, முகாமில் காலையில் அளக்கப்பட்டவர்கள் மட்டும் காலணிகளைக் கழற்றிவிட்டுச் சுவரோரம் வரவும், முடிந்த மூன்று தேர்வுகளும் பதினான்காவது விதிப்படி அப்படியே நிற்கும். அணிகளின் மேசைகளில் இரைச்சல் எழுந்தது. மதுரை மேசையில் ஒருவர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து இவன் பக்கம் கைநீட்டிப் பேசினார், சொற்கள் கேட்கவில்லை, நல்லவேளை. யாரோ அவனுடைய பலகையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் தூணோரம் நின்றான். அப்பாவிடம் என்ன சொல்வது, திரையில் கடிகாரம் வரும், ஆனால் அதை ஓட்டுவது நானில்லை. நாற்காலிகளுக்கு அடியில் காலணிகள் குவிந்தன, கூடம் முழுக்கக் காலுறை வாசனை. இசக்கிப்பாண்டி ஆட்களை விலக்கிக்கொண்டு நேராக அவனிடம் வந்தான். ஒரு காலில் காலணி இருந்தது, இன்னொன்று கையில் இருந்தது. "அண்ணே, எனக்கு அளக்க வேண்டாமாண்ணே? வரிசையில நின்னேன், நீ போன்னுட்டாங்க. என்னய எடுத்துட்டாங்களா லிஸ்ட்டுலருந்து?" "இல்ல இல்ல. நீ மத்தியானம் அளந்த ஆளு. உன்னோடது அன்னைக்கே சரியாத்தான் இருந்துச்சு." இசக்கிப்பாண்டி கொஞ்ச நேரம் கையிலிருந்த காலணியைப் பார்த்தான். மதுரையின் மேசையைப் பார்த்தான், நிதினைப் பார்த்தான், நிதின் அம்மாவைப் பார்த்தான். பிறகு இவன் பக்கம் திரும்பி, கோபமில்லாமல், தெரிந்துகொள்ள மட்டும் கேட்பவனாக, "சரியா இருந்தா அப்புறம் ஏன்ணே மூணாவதுக்கு என்னயக் கூப்பிடல?" என்றான். படித்த குரல் உடனே நான்கைந்து பதில்களை எடுத்துக் கொடுத்தது. காளிராஜ் அது பேசி முடிக்கும்வரை காத்திருந்தான்.

"நான் சொல்றதுக்கு நேரமாக்கிட்டேன்," என்றான்.